காயாத காக்கி

பகல் பன்னிரண்டரைக்கு விமான இறக்கைமேல் நின்ற நல்லதம்பி அலறினான். கொழும்பு போகிற டகோட்டா விமானத்துக்குப் பெட்ரோல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கீழே லாரியில் பம்பை நிறுத்த வேண்டியவன் யாரிடமோ கதையளந்துகொண்டிருந்ததில், டேங்க் நிறைந்து பொங்கிவிட்டது. நல்லதம்பி மார்பிலிருந்து முழங்கால்வரை நனைந்து இறங்கினான். தரையில் நாலு பாய் விரிக்கிற அளவுக்குப் பரவியிருந்தது.

ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். திருச்சி விமான நிலையத்தில் பெட்ரோல் கம்பெனியின் டைப்பிஸ்ட் நான். எங்கள் வம்சத்தில் முதல் பி.ஏ.வும் நான்தான். என் அப்பா வெள்ளைச்சாமி இதே இறக்கைகள்மேல் பதினோரு வருஷம் நின்றவர். அவர் செத்ததற்காக எனக்கு இந்த நாற்காலி. கருணையாம்.

சூப்பர்வைசர் செபஸ்தியான் ஓடிவந்து, "தண்ணி அடிச்சுக் கழுவி விடுங்கடா!" என்றார்.

பெட்ரோல் தண்ணீர்மேல் மிதக்கும். சாக்கடையோடு போய், எங்கோ எவனோ கிழிக்கிற தீக்குச்சிக்குக் காத்திருக்கும். மணல் போட்டு அள்ள வேண்டும் என்று டைப் அடித்து அவர் தலைக்கு மேலே சுவரிலேயே ஒட்டியிருக்கிறேன்.

"மணலுங்க சார்! மணல்!" என்று கத்தினேன்.

முறைத்தார். ஆனால் மணல் வந்தது. எஞ்சினைத் தொடாமல் விமானத்தைக் கையால் தள்ளி நகர்த்தினார்கள்.

திரும்பி வந்தவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, "இதுக்கு ரிப்போர்ட் கிப்போர்ட்னு ஆரம்பிச்சுடாதேம்மா. இருநூறு நாளா ஒரு சொட்டுச் சிந்தாத ஸ்டேஷன்னு மெட்ராஸ்ல நமக்குப் பேரு" என்றார்.

"ஒரு ஆளு முழுக்க நனைஞ்சிருக்காரு சார்."

"காஞ்சுடும்."

அப்பாவும் அன்றைக்கு அதைத்தான் சொன்னார்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, என் பரீட்சை முடிவு வந்த நாள். அன்றும் டேங்க் வழிந்தது. சட்டையைக் கம்பி வேலியில் போட்டுக் காயவைத்து, மாட்டிக்கொண்டு, பஸ் பிடித்து ஸ்ரீரங்கத்துக்கு வந்தார். "என்னப்பா, பெட்ரோல் நாத்தம்?" என்றேன். "எனக்கு ஒண்ணும் தெரியலையே. காஞ்சுடும்" என்றார். பதினோரு வருஷத்தில் அந்த மூக்கு செத்துப்போயிருந்தது. அம்மா எங்கள் இருவரையும் வாசலில் சேர்த்து நிறுத்தி ஆரத்தி சுற்றினாள். தட்டில் வெற்றிலை, வெற்றிலைமேல் கற்பூரம். தட்டு அவர் இடுப்பருகே வந்தபோது தீப் பிடித்துக்கொண்டது. சட்டை காய்ந்துதான் இருந்தது. காற்சட்டைப் பைக்குள், குழாய்முனை துடைத்த ஈரப்பஞ்சை உருட்டித் திணித்திருந்தார், வீட்டில் சைக்கிள் செயின் துடைக்க. இறக்கைமேல் நிற்கிற இவர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்.

நான் பாஸாகாமல் இருந்திருந்தால் அன்றைக்குக் கற்பூரமே இல்லை.

வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் அந்த மாதத்து ஃபைலைத்தான் எடுத்தேன். அந்தத் தேதிக்குத் தாளே இல்லை. அவர் வீட்டில் செத்தாராம். ஸ்டேஷனில் எதுவும் சிந்தவில்லையாம்.

மூன்று மணிக்கு நல்லதம்பி ஜன்னலோரம் வந்தான். தலை வாரியிருந்தான்.

"பர்மிஷன் வாங்கிட்டேன், பி.ஏ. அம்மா. போயிட்டு வரேன். வீட்ல அவளுக்கு வளைகாப்பு. சாயங்காலம் ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சு ஆரத்தி எடுக்கணும்னு அத்தை ஒத்தக்கால்ல நிக்கிறாங்க."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"நில்லுங்க. துணி?"

"வேலியில போட்டுக் காய வெச்சாச்சு. வேணும்னா மோந்து பாருங்க, ஒண்ணுமில்ல."

மோந்து என்ன பயன்? எனக்கு எப்போதும் அடிக்கிறது. சோற்றில் அடிக்கிறது. மல்லிகைப்பூவில் அடிக்கிறது. அவன் மூக்கு செத்தது, என் மூக்குக்குப் பேய் பிடித்தது. இரண்டையும் நம்ப முடியாது.

"பையில என்ன?"

சிரித்துக்கொண்டே கையை விட்டான். உருண்டையாகப் பஞ்சு வந்தது. அவன் விரல்கள் ஈரமாகின. சிரிப்பு நின்றது.

"சைக்கிளுக்குத்தாங்க..." என்றான்.

"அதை மணல் வாளியில போடுங்க. அசையாம நில்லுங்க."

வெளியே போய்த் தீயணைக்க வைத்திருந்த சிவப்பு வாளித் தண்ணீரைத் தூக்கி அவன் தோளிலிருந்து ஊற்றினேன். இன்னொரு வாளி. "அய்யோ, பைத்தியமா உங்களுக்கு!" என்று துள்ளினான். செபஸ்தியான் வாசலில் வந்து நின்றார்.

என் மேஜையின் அடி இழுப்பறையிலிருந்து மடிப்புக் கலையாத காக்கிச் சட்டையும் காற்சட்டையும் எடுத்து நீட்டினேன். "போய் நல்லாக் குளிச்சுட்டு இதைப் போடுங்க."

பார்த்ததும் பின்வாங்கினான். "இது வெள்ளைச்சாமி அண்ணன் பேருக்கு வந்ததுதானே? செத்தவர் துணியை வளைகாப்பு வீட்டுக்குப் போட்டுட்டுப் போகச் சொல்றீங்களா? என் பொண்டாட்டி வயித்துல புள்ள இருக்கும்மா."

"அதுக்காகத்தான் சொல்றேன். அவர் இதைத் தொட்டதே இல்ல. அவரை எரிச்சு ஒரு மாசம் கழிச்சு வந்துச்சு. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்."

அவன் தலை குனிந்தது. கை நீட்டினான். கொடுக்கப்போகையில் எனக்கு அடித்தது. எவரும் உடுத்தாத அந்தத் துணியில் குப்பென்று பெட்ரோல். பொய் என்று தெரியும். தெரிந்தும் கை விடவில்லை. மூன்றாவது வாளியில் அதையும் முக்கிப் பிழிந்து கொடுத்தேன்.

குளித்து மாற்றிக்கொண்டு, சொட்டச் சொட்ட கேட்டை நோக்கி நடந்தான். "பொண்ணு பொறந்தா பி.ஏ. மட்டும் படிக்க வெக்க மாட்டேன்!" என்று கத்தினான். காவல்காரர் சிரித்தார். பின்னாலிருந்து பார்க்க அந்தத் தோள், அந்தக் காலர். 'அப்பா, அந்த பஸ்ஸில் ஏறாதே' என்று தொண்டைவரை வந்துவிட்டது. பஸ் வந்தது, ஏறிக்கொண்டான்.

மெஷினில் தாளைச் சொருகினேன். தேதி, நேரம். சிந்தியது: ஆம். நனைந்தவர்கள் என்ற இடத்தில் நல்லதம்பி என்று அடித்தேன். அதன்கீழே வெள்ளைச்சாமி என்று அடித்து, பழைய தேதியைப் போட்டேன்.

செபஸ்தியான் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். "இவர் போய் ரெண்டு வருஷமாச்சேம்மா" என்றார் மெதுவாக.

"இன்னும் காயலைங்க சார்" என்றேன். "கையெழுத்துப் போடுங்க."