சோதனைக் கொடி

டாக்டர் ஷெரின் மதுரையிலிருந்து வந்த தாளை இரண்டு முறை படித்தார்.

"ரத்தத்துல மருந்து இருக்க வேண்டிய அளவுல பாதிகூட இல்ல. விட்டுவிட்டுச் சாப்பிடுறாரா?"

பிச்சையம்மாள் பையிலிருந்த காலி அட்டைகளை மேசையில் வைத்தாள். இரண்டு மாதத்து அட்டைகள்.

"காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. சாப்பாட்டோடதான். இதோட சேராதுன்னு நீங்க சொன்ன கேஸ் மாத்திரையும் நிப்பாட்டியாச்சு."

அவள் கணவர் அழகுமலை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நுரையீரலில் காசநோய் ஆறிய குழியில் பூஞ்சை வளர்ந்து, இருமலில் ரத்தம் வரத் தொடங்கி நாலு மாதம்.

"அளவு குறைஞ்சா பூஞ்சை சாகாது. மருந்துக்குப் பழகிக்கும். அப்புறம் நெஞ்சைத் திறக்க வேண்டி வரலாம். ஒரு மாசம் பாப்போம்" என்றார் டாக்டர்.

கம்பம் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். முதலில் மருந்துக்கடைக்காரரைச் சந்தேகித்தாள். பிறகு யோசித்தாள். காலை மாத்திரை அவள் கண்முன்னால் இறங்குகிறது. சாயங்கால மாத்திரை தூக்குவாளியோடு தோட்டத்துக்குப் போகிறது. திரும்பி வருவது அட்டை மட்டும்.

மறுநாள் சாயங்காலம் சொல்லாமல் போனாள். திராட்சைப் பந்தலுக்குள் குனிந்து நடந்தாள். மோட்டார் ரூமுக்குப் பின்னால் மருந்தடிக்காமல் விட்ட ஒரு கொடி. இலையெல்லாம் சாம்பல் நோய்ப் பூஞ்சை வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒரு கிளையில் சிவப்பு நூல். அழகுமலை கேப்சூலைப் பிரித்து, உள்ளிருந்த குருணையை டம்ளர் தண்ணீரில் கலக்கி, அந்தக் கிளையின் இலைகளில் விரலால் தடவிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டும் விரலை எடுக்கவில்லை.

"என்ன பண்றீக?"

"பூஞ்சை மருந்துன்னுதானே குடுத்தாக? சாகுதான்னு பாக்க வேணாமா? போன வருசம் கொடிக்கு வாங்குன மருந்து வெறும் சுண்ணாம்புத் தண்ணி. பழமெல்லாம் போனப்பெறகுதான தெரிஞ்சுச்சு."

"எம்புட்டு நாளா இந்த வேலை?"

"ஆரம்பத்துலருந்து."

"மருந்த அளவு குறைச்சு அடிச்ச கூலியாள வரப்புல நிக்கவச்சு வஞ்சீகளே. பூஞ்சைய மருந்துக்குப் பழக்கிவிடுறியாடான்னு."

"ஏ புள்ள, அது கொடி."

"ஆமா. கொடிக்கு முழு மருந்து, உங்களுக்கு அரை மருந்து."

சிரிக்கப் போய் இருமினார். துண்டை வாயில் பொத்தினார். மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவள் காட்டச் சொல்லவில்லை. தூக்குவாளியைத் திறந்து வைத்தாள். முந்தானையில் முடிந்து கொண்டுவந்த இரண்டு மாத்திரைகளை எடுத்தாள்.

சாப்பிட்டார். விழுங்கினார். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

"போதுமா, போலீசு?"

அவர் மோட்டாரை நிறுத்தப் போனதும், நூல் கட்டிய கிளையை வளைத்துப் பார்த்தாள். இரண்டு மாதம் மருந்து தின்ற இலைகள். வெள்ளை அப்படியே இருந்தது. குருணைகள் நரம்போரம் ஒட்டிக் காய்ந்திருந்தன. ஒன்றை நகத்தால் கிள்ளி உள்ளங்கையில் வைத்தாள். எச்சில் தொட்டுத் தேய்த்தாள். கரையவில்லை. அவர் விழுங்கும் காலை மாத்திரைக்குள்ளும் இதே குருணைதான்.

மோட்டார் நின்றது. பந்தலுக்குள் இருமல் மட்டும் கேட்டது. அவள் இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.