நீலத் தார்ப்பாய்

நாலு மாதம் வாய் திறக்காமல் பார்க்க வேண்டிய வேலை என்றதும், "உமக்கோ?" என்று என் கணவர் யூட்சன் விழுந்து விழுந்து சிரித்தார். கட்டின மனுசிமேல் அவ்வளவு நம்பிக்கை.

ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு சதுப்பு நிலத்தில் தாயில்லாத பெருங்கொக்குக் குஞ்சுகளை வளர்க்கும் வேலை அது. மனிதருக்குப் பழகிய கொக்கு பிறகு வீட்டு வாசல், ஹைவே என்று பயமில்லாமல் போய் நின்று செத்துப்போகும். அதனால் வெள்ளை அங்கி, முகமூடி, கையில் கொக்குத்தலைப் பொம்மை. பேச்சு மட்டும் கூடவே கூடாது. பச்சை வளையம் போட்ட கடைக்குட்டி என் அங்கிக்குள் தலையை நுழைத்துத் தூங்கும்போது, "என்ர குஞ்சு" என்ற சொல் தொண்டைவரை வரும். விழுங்கிவிடுவேன்.

இலையுதிர்காலத்தில் எங்கள் விமானி மரியோ குட்டி விமானத்தில் முன்னே பறக்க, குஞ்சுகள் பின்னால் தெற்கே போகவேண்டும். ஒருமுறை வழி காட்டினால் போதும். வசந்தத்தில் தாமாகவே திரும்பும். ஒத்திகைகளில் மற்றவை ஒழுங்காகப் போயின. பச்சை வளையம் மட்டும் ஒவ்வொரு முறையும் சுற்றிவந்து என் காலடியில் இறங்கியது. எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

புறப்படும் காலையில், குஞ்சுகளுக்குக் கேட்காத தூரத்தில் வைத்து, மரியோ ஒரு நீலத் தார்ப்பாயை நீட்டினான்.

"எமில்டா அக்கா, இண்டைக்கும் திரும்பினால் அதுக்குச் சாகுமட்டும் கூண்டுதான். அங்கி தெரியாமல் இந்தப் படங்கைப் போர்த்துக்கொண்டு நில்லுங்கோ. இறங்க வந்தால் கத்திக் கலையுங்கோ."

"நானோ? வேற ஆக்கள் இல்லையோ?"

"எல்லாரும் ட்ரக்கில முன்னுக்குப் போயிட்டினம்."

அது திரும்பித்தான் வந்தது. வெள்ளை அங்கியைத் தேடித் தாழப் பறந்தது. நான் தார்ப்பாயை விசிறிக்கொண்டு பாய்ந்தேன்.

"போ! போடி! இஞ்ச வராதை!"

அடக்கி வைத்திருந்த குரல் முழுவதும் அந்தக் கத்தலில் போனது. அது வெருண்டெழும்பி, விமானச் சத்தத்தை நோக்கிப் போய்விட்டது. தார்ப்பாய்க்குள் இருந்து அழுதேன். அன்பாக ஒரு சொல்கூடக் கேட்காமல் போய்விட்டதே!

குளிர்காலம் முழுக்க ஜன்னலடியிலேயே நின்றேன். யூட்சன் பகிடி விடுவதையும் நிறுத்திவிட்டார்.

ஏப்ரலில் ரொறன்ரோ ஓரத்து ரூஜ் சதுப்பில் கொக்குகள் இறங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டு இருவரும் போனோம். நாணலுக்கிடையில் நாலைந்து மேய்ந்தன. ஒன்றின் காலில் பச்சை வளையம். நன்றாக வளர்ந்திருந்தது. கிட்டப் போகக் கூடாது, பேசக் கூடாது, எல்லாம் தெரியும். ஆனால் என்னால் முடியவில்லை. மெல்லத்தான் சொன்னேன்.

"என்ர குஞ்சு."

மற்றவை தலையைக்கூடத் தூக்கவில்லை. பச்சை வளையம் மட்டும் வெருண்டு எழும்பி, மரங்களுக்கு மேலால் பறந்து மறைந்தது.

"எதுக்கோ பயந்திட்டுது," என்றார் யூட்சன்.

என் குரலை அது மறக்கவில்லை.