பள்ளிக்கூடம் வரைக்கும் பேச்சு

தெருவில் ஒரு வாரத்துக்கு வண்டி ஓடக் கூடாது, மக்கள் நடக்கட்டும் என்று நகராட்சி சோதனை அறிவித்தபோது, முதல் ஆளாக எதிர்த்துக் குதித்தவர் டயர்க்கடைக்காரர்தான். வண்டியே வராத தெருவில் டயரை யார் கழுத்தில் மாட்டுவது என்று கடை கடையாகப் போய்க் கேட்டார். நடக்க இடமில்லையே என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நடைபாதையில் முக்கால்வாசியை அடைத்து நின்றது அவருடைய டயர் அடுக்குதான் என்பது வேறு விஷயம்.

அவருக்கு ஒரே மகள், இரண்டாம் வகுப்பு. வீட்டில் அவளுக்குப் பெயரே வாலு. பிறவியிலேயே காது கேட்காது. ஆனால் அவள் கை இருக்கிறதே, அது ஓயாது. சைகையில் அரட்டை தொடங்கிவிட்டால், சாப்பிடவும் அந்தக் கைக்குக் கொஞ்சம் நேரம் கொடு என்று அம்மா கெஞ்ச வேண்டும்.

வாலுவைப் பள்ளிக்கூடத்தில் விடுவது அப்பா வேலை. ஹாரன் கேட்காத பிள்ளை. இந்தத் தெருவிலோ லாரி தோளை உரசிக்கொண்டு போகும். வாசல் தாண்டியதும் அவள் மணிக்கட்டைப் பிடித்தாரென்றால் பள்ளிக்கூடத்து கேட்டில்தான் விடுவார். உடும்புப்பிடி. அவர் முன்னால், அவள் பின்னால். வழியெல்லாம் இழுப்பாள், நெளிவாள். சேட்டை என்று நினைத்து இன்னும் இறுக்குவார்.

சோதனையின் முதல் நாள் காலையும் அப்படித்தான் பிடித்துக்கொண்டு இறங்கினார். தெரு வெறிச்சோடிக் கிடக்கும், அதைக் காட்டி நகராட்சிக்காரர்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்று ஆசை. தெரு வெறிச்சோடவில்லை. பெண்கள் கைகோர்த்து நடுத்தெருவில் நடந்தார்கள். தையல்காரம்மா நாற்காலியை வெளியே போட்டு, வெளிச்சத்தில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். நம் தெரு இத்தனை அகலமா என்று டயர்க்கடைக்காரர் வாய் பிளந்து நின்ற நேரத்தில் பிடி தளர்ந்தது. வாலு கையை உருவிக்கொண்டாள்.

அவருக்கு உயிரே போய்விட்டது. பாய்ந்தார். ஆனால் அவள் ஓடவில்லை. அவர் முன்னால் வந்து, முகத்தைப் பார்த்து, பின்பக்கமாக நடந்தபடியே இரண்டு கையாலும் பேசத் தொடங்கினாள்.

அந்த மாடிப் பூனை தினமும் நம்மைப் பார்க்கிறது. இந்த வீட்டு மாமா காக்காவோடு சண்டை போடுவார். உங்கள் சட்டைக்குப் பின்னால் எப்போதும் கறை, அப்பா. போன வாரம் இங்கே ஓர் அக்கா அழுதாளே, ஏன்? எல்லாம் இந்த வழியில் அவள் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. சொல்ல நினைத்தபோதெல்லாம் அவள் கை அவர் பிடியில் இருந்தது.

டயர்க்கடைக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்றுதானே இருந்தார்? தினம் தினம் அவள் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். கண் நிறைந்துவிட்டது. அழவும் நேரமில்லை, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கையும் தட்டுத்தடுமாறிப் பேசியது. பூனைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய் என்று கேட்டார். அப்பா தெருவில் பேசுகிறார் என்பதையே நம்பாமல் அவள் ஒரு கணம் நின்று பார்த்தாள். பிறகு இன்னும் வேகமாகப் பேசினாள்.

பள்ளிக்கூடத்து வாசலில் டீச்சர் காத்திருந்தார். டயர்க்கடைக்காரர் போட்ட சண்டைதான் ஊருக்கே தெரியுமே.

"ஏன் சார் இவ்ளோ லேட்டு? ரோட்டை அடைச்சிட்டாங்கன்னு சுத்திக்கிட்டு வந்தீங்களா?"

"இல்லம்மா," என்றார். "பேசிக்கிட்டே வந்தோம்."