வலிச்சா கையைத் தூக்கு

பல் டாக்டர்களுக்கு முதலில் போவது இடுப்பு. வாரம் முழுக்க என் சொந்த கிளினிக்கில் குனிந்து நிற்கிறேன். விடுமுறை நாளில் கால் நீட்டிப் படுக்காமல், இந்தப் பிள்ளைகள் இல்லத்துக்கு வந்து மறுபடியும் குனிகிறேன். பெற்றவர்கள் இல்லாத பிள்ளைகள், இருந்தும் வைத்துக் காப்பாற்ற முடியாதவர்களின் பிள்ளைகள். காசு வாங்குவதில்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. நானாகத் தலையைக் கொடுத்தேன்.

"ஊரார் வாயைப் பார்த்தே உங்க ஆயுசு முடியப்போகுது, அண்ணி" என்பாள் என் நாத்தனார். கருவிகளைக் கழுவி எடுத்துக் கொடுக்க அவள்தான் கூட வருகிறாள். வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது.

இன்றோடு முடித்துக்கொள்வது என்று காரில் வரும்போதே அவளிடம் சொல்லிவிட்டேன். இல்லத்தை நடத்தும் மேட்ரனிடம் கிளம்பும்போது சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் இருந்த ஆர்வமெல்லாம் எப்போதோ வடிந்துவிட்டது. ஒரு சொத்தையை அடைத்தால் இன்னொரு வாயில் இரண்டு வருகிறது. அலுத்துப் போய்விட்டது, அவ்வளவுதான்.

சாப்பாட்டுக் கூடத்தில்தான் எங்கள் வேலை. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, மடக்கு நாற்காலியை நடுவில் விரிப்போம். சுவரில் பெரிய எழுத்தில் "சாப்பிடும்போது பேசக் கூடாது" என்று எழுதியிருக்கும். பிள்ளைகள் வாசலில் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரே பாட்டைப் பாடுவேன்: "வலிச்சா கையைத் தூக்கு. உடனே நிறுத்திடுவேன்."

என் கிளினிக்குக்கு வரும் பெரிய மனிதர்கள் நான் கிட்டே போவதற்குள் கையைத் தூக்கிவிடுவார்கள். இங்கே இதுவரை ஒரு பிள்ளைகூடத் தூக்கியதில்லை. அதில் எனக்கு ரொம்பப் பெருமை. எல்லாம் நம் கைராசி என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தேன்.

ரேடியோ வந்து உட்கார்ந்தாள். ஓயாமல் பேசுவதால் இல்லத்தில் அவளுக்கு அந்தப் பெயர். போன மாதம் படியில் விழுந்து மேல்வரிசை முன்பல்லில் பாதியை உடைத்துக்கொண்டிருந்தாள். இப்போது ஈறு வீங்கி, உள்ளே சீழ் கட்டியிருந்தது. பால்பல் இல்லை, போனால் திரும்ப முளைக்காது.

பிடுங்கிவிட்டால் இன்றைக்கே வேலை முடியும். காப்பாற்றலாம்தான். ஆனால் அதற்கு வேர்வரை சுத்தம் செய்து, மருந்து வைத்து, இன்னும் சில வாரம் வந்து பார்க்க வேண்டும். நான்தான் வரப்போவதில்லையே.

"பிடுங்கிடலாமா?" என்று நாத்தனாரிடம் தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"இவ சிரிச்சா முதல்ல தெரியறதே அந்தப் பல்லுதான், அண்ணி."

"இன்னையோட சரின்னு சொன்னேன்ல?"

"எங்கிட்ட சொன்னீங்க. இவகிட்ட சொல்லலையே."

ரேடியோவுக்குக் காது பாம்புக் காது. "பல்லைப் பிடுங்கப் போறீங்களா, டாக்டரம்மா?"

"திறந்து பார்க்கறேன். தேறும்னா வெச்சுக்கலாம். இல்லேன்னா எடுத்துடலாம். வாயைத் திற. வலிச்சா கையைத் தூக்கு."

மரத்துப்போகும் ஊசியைப் போட்டு, சற்றுப் பொறுத்து, பல்லைக் குடைய ஆரம்பித்தேன். சீழ் பிடித்த இடத்தில் அந்த ஊசி சரியாக ஏறாது. அது எனக்குத் தெரியும். ஆனால் கை மேலே வரவில்லை, அதனால் ஏறிவிட்டது என்று நினைத்துக் குடைந்துகொண்டே போனேன். இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

"அண்ணி, நிறுத்துங்க" என்றாள் நாத்தனார்.

நிமிர்ந்தேன். ரேடியோவின் கண்ணீர் காதுவரை வழிந்து தலைமுடியை நனைத்திருந்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"கையை ஏம்மா அடியில வெச்சிருக்கே?"

"தானா மேல வந்துடுமோன்னு பயமா இருந்துச்சு."

"வரட்டுமே! வலிச்சா தூக்குன்னுதானே சொன்னேன்?"

"தூக்கினா போதும்னு ஆயிடுமே" என்றாள். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விளக்கினாள். "இங்க சாப்பிடறப்ப பேசக் கூடாதுல்ல? அதனால போதும்னா கையைத் தூக்கணும். தூக்கினா பரிமாறறவங்க அடுத்த ஆள்கிட்ட போயிடுவாங்க. அப்புறம் வேணும்னாலும் கிடையாது."

"அப்ப மத்தவங்க எல்லாரும்?"

"எல்லாருக்கும்தான் வலிக்கும். கையைத் தூக்கக் கூடாதுன்னு பேசி வெச்சிருக்கோம். பாதியில விட்டுட்டுப் போயிட்டீங்கன்னா?"

வாசலில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தேன். அத்தனை பேர் வாயிலும் என் கை பட்டிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. உட்கார்ந்து அழலாம் போலவும் இருந்தது, ஆனால் பக்கத்தில் உட்கார எதுவும் இல்லை. நாத்தனார் ஏதாவது கிண்டல் செய்திருந்தால்கூடத் தேவலை. அவள் பஞ்சை எடுத்து ரேடியோவின் முகத்தைத் துடைத்தாள்.

அண்ணத்துப் பக்கம் இன்னொரு ஊசி போட்டு, நன்றாக மரக்கும்வரை காத்திருந்தேன். "இனிமே கை வேண்டாம். வலிச்சா காலை ஆட்டு. நிறுத்துவேன். ஆனா விட்டுட்டுப் போகமாட்டேன்."

கருவி பல்லைத் தொட்டதுதான் தாமதம், ஓர் உதை விட்டாள். தட்டில் இருந்ததெல்லாம் தரையில் சிதறியது. பதறிக் கையை எடுத்தேன்.

"வலிக்குதா?"

"இல்ல. நிறுத்தறீங்களான்னு பார்த்தேன்."

"நல்லாப் பார்த்தே, போ" என்று முணுமுணுத்துக்கொண்டே நாத்தனார் குனிந்து பொறுக்கினாள்.

பல் தேறும் என்று தெரிந்தது. சுத்தம் செய்து, மருந்து வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்தேன். மரத்த உதட்டை வைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் முடிஞ்சிடுமா?" என்று குழறினாள். நான் கை கழுவப் போனேன். விட்டுப் போகமாட்டேன் என்று சொன்னது இன்றைய வேலைக்குத்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மற்ற பிள்ளைகளையும் பார்த்து முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. பெஞ்சுகள் இடத்துக்குத் திரும்பின. பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்ததும் கூடம் அமைதியாகிவிட்டது. மேட்ரன் சமையலறை வாசலில் நின்றிருந்தார். சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லித் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து குரல் கொடுக்க முடியாது, அங்கே நடந்து போகவும் தெம்பில்லை. அவரைக் கூப்பிடுவதற்காகக் கையைத் தூக்கினேன்.

வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. வீங்கிய உதட்டோடு ரேடியோ என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன டாக்டரம்மா, போதுமா?" என்றார் மேட்ரன். அந்தக் கூடத்தில் வழக்கமாகக் கேட்கிற கேள்விதான்.

"இல்ல" என்றேன். கையை இறக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். "அடுத்த வாரம் நான் உட்கார ஒரு ஸ்டூல் வேணும். நின்னு நின்னு செத்துப்போறேன்."

நாத்தனார் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். பெஞ்சுக்கு அடியில் ரேடியோவின் கால் ஆடியது. வலிக்கிறதோ, சும்மா ஆட்டிப் பார்க்கிறாளோ தெரியவில்லை. எடுத்து வைத்த பையைக் கீழே போட்டுவிட்டு, கேட்கப் போனேன்.