துப்பறியும் நாடகத்தில் ஒரு பிணம்

ஓடிப்போன வெள்ளைக்காரத் துரை பங்களாவில் விட்டுச்சென்ற இங்கிலீஷ் துப்பறியும் கதையை, மலாயாவில் எங்கள் மெர்போக் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சில்வெஸ்டர் நாடகமாக்கினார். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடந்த சனம் ஒரு நாளாவது சிரிக்கட்டும் என்றார். நல்ல மனுசன்தான். ஆனால் கொலையுண்டவனாகப் படுக்க என் வீட்டுக்காரர்தானா கிடைத்தார்?

"தாலி கட்டுனவரு பொணமாப் படுக்குறத நான் பாக்கணுமா? இது அடுக்குமா கிராணி ஐயா?" என்று சண்டைக்குப் போனேன்.

"சும்மா விளையாட்டுதான்லா, ராக்காயிக்கா. மனோகரன நான் பத்திரமா பாத்துக்கிறேன்."

என் வீட்டுக்காரரோ பல்லை இளித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூலி வீடுகள் வரிசையாக இருந்த லயத்து வாசலில் நாடகம். அவரைப் படுக்கவைத்து வெள்ளை வேட்டியால் மூடினார்கள். துரையின் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு சில்வெஸ்டர் தரையில் கிடந்த பீடித்துண்டை மோந்து பார்த்தார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

அப்போதுதான் ஜப்பான்காரன் லாரி வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள்! போனவர்களில் ஒருவர்கூட அதுவரை திரும்பியதில்லை. ஆண்கள் எல்லோரும் ரப்பர் மரங்களுக்குள் ஓடினார்கள். என் வீட்டுக்காரர் எழுவதற்குள் சிப்பாய்கள் இறங்கிவிட்டார்கள். இவரையும் கொண்டுபோனால் நான் என்ன ஆவேன்?

சில்வெஸ்டர் ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

"மனோகரா, அசையாத. எல்லாரும் ஓடிட்டா பொணம்னு எவன் நம்புவான்?" என்று முணுமுணுத்துத் தலைமாட்டில் கைகட்டி நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். "அழுங்கக்கா."

"ஐயோ, என் ராசாவே!" என்று மாரில் அடித்துக்கொண்டேன். எங்கள் லயத்தில் ஒருத்தி குரலெடுத்தால் மற்றவள் சும்மா நிற்பாளா? பக்கத்து வீட்டுச் செல்லாயி ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பெண்கள் வட்டமாகக் கூடி மாரடித்தோம். துணியைத் தூக்க வந்த சிப்பாய் முகத்தைச் சுளித்துப் பின்வாங்கினான். செத்துவிட்டான் என்று சில்வெஸ்டர் மலாயில் சொன்னார்.

அங்கே நின்ற ஒரே ஆண் அவர்தான். அவரை லாரியில் ஏற்றினார்கள். அவர் மனைவி நவமணி கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள். லாரி மறைந்ததும் என் புருசன் வேட்டியை விலக்கி எழுந்தார்; தப்பித்தார் என்று சந்தோசப்படவும் என்னால் முடியவில்லை.

ஜப்பான்காரன் போன பிறகு, சயாமிலிருந்து திரும்பிய ஒருவர் செய்தி கொண்டுவந்தார். சில்வெஸ்டர் அங்கே காய்ச்சலில் இறந்துவிட்டாராம்.

நவமணி வீட்டுக்கு ஓடினேன். கையில் செபமாலையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. வேதக்காரர் வீட்டில் மாரடிக்கும் வழக்கம் கிடையாது என்று நானும் அழுகையை அடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவள் என் கையைப் பிடித்தாள்.

"அழுங்கக்கா. அன்னைக்கு அழுத மாதிரியே அழுங்க. நீங்க அழுதப்ப அண்ணன் எந்திரிச்சு வந்தாரே."