பன்னிரண்டாம் மைல்

சர்க்கார் ரயில்வேக்கு இருபத்தைந்து வயசாகிறது, அதற்கு ஒரு வரலாறு எழுதியாக வேண்டும் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றிவிட்டது. தோன்றினவர் உட்கார்ந்து எழுதுவாரா? அதெல்லாம் கடைசியில் குமாஸ்தா தலையில்தான் விடியும். தலைமை ஆபீஸில் ஒரு குமாஸ்தாவுக்கு அச்சுக் கோத்த மாதிரி கையெழுத்து. முத்தெழுத்து என்றே அவனைக் கூப்பிடுவார்கள். பழைய காகிதக் கட்டுகளைப் பிரித்துக் குறிப்பெடுத்துச் சுத்தப் பிரதி எழுதுகிற வேலை அவனிடம் வந்து சேர்ந்தது.

வந்த வேலையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அம்மாவிடம் போய்ச் சொன்னான்.

"அப்போ அந்த ஓடுகாலி பேரும் அதுல இருக்குமே. எந்தப் பக்கம் ஓடினான்னு எழுதியிருக்கான்னு பாரு" என்றாள் அம்மா.

ஓடுகாலி என்றால் அவனுடைய அப்பா. பன்னிரண்டாம் மைலில் குன்றை வெட்டிப் பாதை போட்டபோது அங்கே கூலி வேலை செய்தவர். திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது சேவகன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். "உன் புருஷன் சர்க்கார் கடப்பாரையைத் திருடிக்கிட்டு ஓடிட்டான்" என்று சொல்லிவிட்டு, ஒற்றை அறை வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடினான். தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. அப்போது முத்தெழுத்துக்குப் பத்து வயசு, தங்கை கைக்குழந்தை. அன்றிலிருந்து வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்துத்தான் அம்மா இரண்டையும் ஆளாக்கினாள். தேய்த்த கை ஓய்ந்தாலும் திட்டின வாய் ஓய்ந்ததில்லை.

தங்கையை இருபதாம் மைல் ஊரில் கட்டிக்கொடுத்த பிறகு அம்மாவுக்கு ஒரு வழக்கம் வந்தது. ரயிலில் போகும்போது பதினோராம் மைல் கல்லைப் பார்த்ததுமே பேச்சை நிறுத்திவிடுவாள். வாயில் எச்சிலைச் சேர்த்துக்கொண்டே வருவாள். பன்னிரண்டு வந்ததும் கம்பியைப் பிடித்து எட்டி, ஓடினவன் ஓடின இடத்தில் ஓங்கித் துப்புவாள். பின் ஜன்னல்காரர் யாராவது முகத்தைத் துடைத்துக்கொண்டு சண்டைக்கு வருவார். மகன்தான் கும்பிட்டுச் சமாளிப்பான். போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று.

பதிவேட்டு அறையில் மூன்றாம் நாள் பன்னிரண்டாம் மைல் வேலைக் கட்டு கிடைத்தது.

அந்தக் காலத்து வேலையில் ஆளை எண்ணுகிற வழக்கமே கிடையாது, கருவியைத்தான் எண்ணுவார்கள். காலையில் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையைப் பலகை ஆணியில் மாட்டிவிட்டுக் கடப்பாரையை எடுத்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம் கடப்பாரையைக் கொடுத்தால் வில்லை திரும்பக் கிடைக்கும். பலகையில் வில்லை மிஞ்சினால், கருவியோடு ஓடிவிட்டான் என்று எழுதிக் கோடு இழுத்துவிடுவார்கள். அந்தத் தேதியில் முப்பத்தேழு வில்லை மிஞ்சியிருந்தது. இருபத்திரண்டாவதாக அப்பா பெயர்.

அதே தேதி போட்ட இஞ்சினியர் துரையின் அறிக்கை அடுத்த தாளிலேயே இருந்தது. பிற்பகல் மூன்றரை மணிக்குப் பன்னிரண்டாம் மைலில் கிழக்குச் சரிவு இறங்கிவிட்டது. மண்ணை எடுக்க இருபது நாள் பிடிக்கும். திறப்பு விழாவைத் தள்ள முடியாது. சமப்படுத்தி மேலே தண்டவாளம் போட உத்தரவு. மிச்சக் கூட்டத்தை நாளையே வேறு பகுதிக்கு மாற்றவும். ஆள் சேதம் இல்லை. கடப்பாரை சேதம் முப்பத்தேழு.

பாவிகள். எழுதினவனுக்கு ஒரு நிமிஷமாவது கை நின்றிருக்காதா?

கட்டைத் தூக்கிக்கொண்டு பெரிய குமாஸ்தாவிடம் போனான். "ஐயா, முப்பத்தேழு பேரு ஒரே சாயங்காலம் கடப்பாரையோட ஓடுவாங்களா?"

"வேலை கஷ்டம். ஓடியிருப்பாங்க."

"சரிவு இறங்கியிருக்கு ஐயா. அதே நாள், அதே இடம்."

பெரிய குமாஸ்தா இரண்டு தாளையும் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "அந்த இஞ்சினியர் துரைதான் இன்னைக்கு நமக்கெல்லாம் மேல இருக்கார். புஸ்தகத்துக்கு முன்னுரையே அவர்தான்."

"அந்த முப்பத்தேழுல எங்கப்பா இருக்கார் ஐயா."

அவர் கட்டை மூடிக் கயிறு கட்டினார். பிறகு, "உனக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார்.

"மூணு."

"அப்போ எழுது."

அவர் சொல்லச் சொல்ல எழுதினான். கடும் உழைப்புக்கு அஞ்சிய கூலிகள் சிலர் கருவிகளுடன் ஓடிவிட்டபோதிலும், குறித்த நாளில் பாதை திறக்கப்பட்டது. ஒரு எழுத்துக்கூடக் கோணவில்லை. அதை நினைத்துத்தான் அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"பாத்தியா?" என்றாள் அம்மா, வீட்டில் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள்.

"கட்டெல்லாம் கரையான் தின்னுடுச்சும்மா."

வேறு என்னத்தைச் சொல்வான்? அவர் ஓடவில்லை என்று சொன்னால், எங்கே இருக்கிறார் என்று கேட்பாள். எங்கே என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவள் எப்படிச் சோறு தின்பாள்? சொல்லாமல் விட்டாலோ அப்பா கடைசிவரைக்கும் திருடன்தான். நாலு நாள் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் தங்கைக்குக் குழந்தை பிறந்த சேதி வந்தது. இரண்டு பேரும் காலை ரயில் ஏறினார்கள். பேரனா பேத்தியா என்று சேதியில் எழுதாத மாப்பிள்ளையை அம்மா வழியெல்லாம் வறுத்தெடுத்தாள். பதினோராம் கல் வந்தது. அம்மா வாயை மூடிக்கொண்டாள். இரண்டு பக்கமும் மண் சுவர் எழும்பிப் பெட்டிக்குள் இருட்டியது. அவள் கம்பியைப் பிடித்தாள்.

அவன் எதையும் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போய் ஜன்னல் பலகையை இழுத்து மூடியது.

வாய் நிறைய வைத்துக்கொண்டு திட்டவும் முடியாமல் அம்மா அவனை முறைத்தாள். அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்து பெட்டியின் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணீர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. அம்மா அவனைப் பார்த்தாள். அவன் பார்க்கிற இடத்தைப் பார்த்தாள். அடியில் சக்கரம் தடதடத்தது.

வாயில் இருந்ததை விழுங்கினாள்.

"கீழயா இருக்கார்?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

அம்மா தரையில் ஊன்றியிருந்த இரண்டு காலையும் மெல்லத் தூக்கி, புடவைக்குள் இழுத்து உட்கார்ந்திருந்த பலகைமேல் மடக்கி வைத்துக்கொண்டாள். தங்கையின் ஊர் வருகிறவரை கீழே இறக்கவில்லை.