சத்தமாக யோசியுங்கள்

என் வேலை பட்டன் வைப்பது. செல்போன் திரையில் எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும், அதில் என்ன எழுத வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொள்ள ஒரு கம்பெனி எனக்குச் சம்பளம் தருகிறது. "இதுக்கெல்லாமா சம்பளம்?" என்று அப்பா இன்றுவரை கேட்கிறார்.

நாங்கள் வைத்த பட்டன் சரியா என்று பார்க்க வெளியாட்களைக் கூப்பிடுவோம். கையில் போனைக் கொடுத்து, "மனசுல என்ன ஓடுதோ அதை அப்படியே சத்தமா சொல்லிக்கிட்டே பண்ணுங்க" என்போம். அப்படி வருபவர்களுக்கு ஆபீசில் சாம்பிள் என்று பெயர். பெரும்பாலான சாம்பிள்கள் "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று பூசி மெழுகிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஒருவன் மட்டும், "இந்தச் சிவப்புப் பட்டன் என்னைத் திட்டுற மாதிரி இருக்கு. இந்த எழுத்தைப் படிக்கணும்னா முதல்ல எங்க கடைக்கு வரணும்" என்றான். அவனைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டோம். ஒருநாள், "இப்ப நான் திரையைப் பாக்கல. உங்களைத்தான் பாக்குறேன். அடுத்து எதை அமுக்கணும்னே மறந்துபோச்சு" என்றான். எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது. மறுநாள் அதைக் கேட்ட மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்புக்கு வேலையை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. அவனையும் விடவில்லை. கல்யாணத்துக்கு முன்னாலேயே ஒரு ஆணின் மண்டைக்குள் ஓடுவதை முழுதாகக் கேட்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

ஒரே குறை, பழக்கம் தொற்றிக்கொண்டது. திரையோ ரிமோட்டோ கைக்கு வந்தால் போதும், அவனுக்கு வாய் திறந்துவிடும். ஏடிஎம் முன்னால் நின்று ரகசிய எண்ணையும் சேர்த்துச் சொல்வான். அதனால் பெண் கேட்டு வீட்டுக்கு வருமுன் கண்டிஷனாகச் சொல்லியிருந்தேன்.

"எங்க வீட்டுல பட்டன் இருக்கிற எதையும் தொடாதே."

"காலிங் பெல்?"

"கதவைத் தட்டு."

அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். பக்கத்து சீட்டில் தனக்கென்று ஒரு பிரேக் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே பழகியவர். வீட்டிலும் அப்படித்தான், நாங்கள் எதை ஆரம்பித்தாலும் அவர் கால் பிரேக்கில் இருக்கும். அம்மா "சரிங்க" என்பாள். அவரை மீறிக் கல்யாணம் செய்துகொள்ளும் துணிச்சல் எனக்கு இல்லை. அவர் தலையாட்டினால்தான் உண்டு.

புது டீவி வேறு வந்திருந்தது. பார்வையில்லாதவர்களுக்காக அதில் ஒரு வசதி இருக்கிறது, திரையில் நடப்பதையெல்லாம் ஒரு குரல் எடுத்துச் சொல்லும். நல்ல வசதிதான். ஆனால் அப்பா எதையோ அமுக்க அது இயங்கத் தொடங்கி, நிற்கவே இல்லை. "பெண் அழுகிறாள். கதவு மூடுகிறது" என்று அது சொல்ல, "தெரியுது" என்பாள் அம்மா. நிறுத்தத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள அப்பாவுக்கு மனம் வரவில்லை. "வேணும்னுதான் வெச்சிருக்கேன். பழகிக்கோங்க" என்றார். என்னைத் தொட விடவில்லை. பட்டன் வைப்பவள் கெடுத்துவிடுவாளாம்.

ஞாயிற்றுக்கிழமை சாம்பிள் வந்தான். கதவைத் தட்டினான். பிஸ்கட் தின்றான். அப்பா கேட்டதற்கெல்லாம் அளவாகப் பதில் சொன்னான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் அப்பா ரிமோட்டை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"தம்பி, இதுல ஏதோ குரல் வருது பாருங்க. எனக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்ல. சும்மா உங்களுக்குத் தெரியுதான்னு பாக்கலாம்."

நான் கண்ணைக் காட்டினேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

"இப்ப நான் ரிமோட்டைப் பாக்குறேன். அமைப்புகளுக்குப் போறேன். இவருக்கு இதை நிறுத்தத் தெரியலன்னு தோணுது, ஆனா அதை இங்க சொல்லக் கூடாது. ஒலின்னு ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள போறேன். பிஸ்கட் நமுத்துப் போயிருந்துச்சு, ரெண்டாவது மரியாதைக்காகத் தின்னேன். இவர் வேண்டாம்னு சொல்லிடுவாரோன்னு பயமா இருக்கு."

டீவிக் குரல் நின்றது. வீடே நிசப்தமானது. அதில் அவன் கடைசி வாக்கியம் தெள்ளத் தெளிவாகக் கேட்டது.

"சொன்னாலும் நான் வெளிய நின்னு திரும்பவும் கதவைத் தட்டுவேன்."

அப்பாவின் கால் தரையில் அழுந்தியது. "யோசிச்சுச் சொல்றோம் தம்பி" என்றார். எங்கள் வீட்டு அகராதியில் அதற்கு வேண்டாம் என்று அர்த்தம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் காதுவரை சிவந்து ரிமோட்டை மேஜையில் வைத்தான்.

அம்மா அதை எடுத்தாள்.

"இப்ப நான் ரிமோட்டைப் பாக்குறேன்" என்றாள். "இது என் கைக்கு வர்றது இதுதான் முதல் தடவை. லேசாத்தான் இருக்கு."

"என்ன விளையாட்டு இது?" என்றார் அப்பா.

"இவர் பேசறது காதுல விழுது. அடுத்து என்ன பண்றதுன்னு பாக்குறேன். வழக்கமா இங்கதான் சரிங்கன்னு சொல்லுவேன். இன்னைக்கு வரல. பிஸ்கட் நமுத்ததுதான். தள்ளுபடின்னு இவர் வாங்கிட்டு வந்தது. இந்தப் பையனை எனக்குப் பிடிச்சிருக்கு. இவர் மனசுல என்ன இருக்கோன்னு யோசிச்சு யோசிச்சே என் தலை நரைச்சுப் போச்சு. இவனைக் கட்டிக்கிட்டா என் பொண்ணுக்கு அந்த வேலை மிச்சம்."

நான் அம்மாவின் தலையைப் பார்த்தேன். முழுக்க நரைத்திருந்தது. அதற்குமுன் நான் அதைக் கவனித்ததே இல்லை என்பது சுரீரென்றது.

"இவர் கெட்டவர் இல்ல" என்று அம்மா தொடர்ந்தாள். "பொண்ணு போயிட்டா சண்டை போட ஆள் இருக்காதேன்னு பயம். அதைச் சொல்லத் தெரியாம மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கார்."

அப்பா மறுப்பார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ரிமோட்டுக்குக் கையை நீட்டினார்.

"இருங்க, நான் இன்னும் முடிக்கல" என்று அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டாள். "அடுத்து, இவர் சரிபண்ணாம விட்ட சமையலறைக் குழாயைப் பத்தி யோசிக்கிறேன். அப்புறம் உங்க தங்கச்சியைப் பத்தி."

அப்பாவுக்கு முகம் வெளிறியது. சோபாவில் சாம்பிள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். குனிந்து, ஆனால் எங்களுக்கும் கேட்கும்படி, "மாப்பிள்ளை, இவளை எப்படி நிறுத்தறது?" என்றார்.

சாம்பிள் யோசித்தான். கையில் ரிமோட் இல்லாததால் என்ன யோசித்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா பேசிக்கொண்டே இருந்தாள்.